குடும்ப நினைவுகளுக்கு ஒரு குதிர்

வானம் பார்த்த பூமியில் வாழும் நமக்குச் சேமிப்பின் அருமையை எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரை பரந்து கிடக்கும் கரிசல் நிலத்தில், ஐப்பசி மழையை நம்பி விதைக்கின்ற உழவர், கையிலுள்ள விதை முழுவதையும் ஒரே நாளில் மண்ணில் இடுவதில்லை. முளைத்த பயிர் காய்ந்துபோனால் மறுவிதைப்புக்கு வேண்டுமே என்று ஒரு பங்கைப் பானையிலோ குதிரிலோ ஒதுக்கி வைப்பார். சாம்பலும் வேப்பிலையும் இட்டு, வாயை மண்ணால் பூசி, ஈரமும் எலியும் அணுகாத இடத்தில் காப்பார். அதிலும் ஒரு படியை உறவினர் வீட்டில் கொடுத்து வைப்பதும் உண்டு. விதை அழிந்தால் அடுத்த ஆண்டே அழிந்துபோகும் என்பதை அவர் அறிவார்.

இந்த முன்யோசனை நம் இல்லங்களிலுள்ள மற்றொரு செல்வத்தின்பால் இன்னும் திரும்பவில்லை என்றே நாம் கருதுகிறோம். பிள்ளையின் திருமுழுக்கு, புதுநன்மை, திருமணம் ஆகியவற்றின் நிழற்படங்கள் இன்று எங்கே இருக்கின்றன? மறைந்த பாட்டியின் குரல் எங்கே பதிந்திருக்கிறது? பட்டா, பத்திரம், பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றின் படிகள் எங்கே? பெரும்பாலான வீடுகளில் இவையனைத்தும் ஒரே ஒரு கைபேசியில் அடங்கிக் கிடக்கின்றன. அது கிணற்றில் விழுந்தாலோ, பேருந்தில் தொலைந்தாலோ, ஒரு குடும்பத்தின் பத்தாண்டு நினைவு ஒரு நொடியில் மறைந்துவிடுகிறது.

இதற்கு மாற்றாகப் பல குடும்பங்கள் இப்போது வீட்டிலேயே ஒரு சேமிப்புப் பெட்டியை வைத்துக்கொள்ளத் தொடங்கியுள்ளன. ‘நாஸ்’ என்று கடைக்காரர்கள் அழைக்கும் இப்பெட்டி, வீட்டு இணையத்தின் ரவுட்டருடன் இணைந்து இரவும் பகலும் விழித்திருக்கும். வீட்டிலுள்ளோரின் கைபேசிகளிலிருந்து படங்கள் தாமாகவே அதில் வந்து சேரும். திருப்பூரிலுள்ள மகளும், வளைகுடா நாட்டிலுள்ள மகனும் அங்கிருந்தபடியே தம் படங்களை அதில் சேர்க்க இயலும். ஆனால் பெட்டி பெரும்பாலும் வெறும் கூடாகவே விற்கப்படுகிறது. உள்ளே வைக்கும் ஹார்டு டிஸ்க்கை, அதாவது வன்தட்டை, நாமேதான் தேர்ந்து வாங்க வேண்டும். இங்குதான் பலரும் தடுமாறுகின்றனர்.

சுழலும் தட்டின் இயல்பு

வன்தட்டு புதிய பொருளன்று. 1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டுக் கருவி, ஐம்பது பெரிய தட்டுகளைக் கொண்டு, ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துகளை மட்டுமே தாங்கியது. இன்று கைபேசியில் எடுக்கும் ஓரிரு படங்களுக்கே அவ்விடம் போதாது. இன்றைய வன்தட்டோ உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய பேழைக்குள் பல இலட்சம் படங்களைத் தாங்குகிறது.

எனினும் அடிப்படை மாறவில்லை. காந்தப் பூச்சுள்ள தட்டு நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கிறது. அதன்மீது, தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த இடைவெளியில், படிக்கும் முனை மிதந்து செல்கிறது. இத்தனை நுட்பமாய் ஓயாது சுழலும் ஒரு பொருள் என்றாவது ஒருநாள் நின்றே தீரும். எந்த நிறுவனத்தின் தட்டானாலும், எவ்வளவு விலை கொடுத்தாலும், இவ்வுண்மை மாறாது.

நிற்கப்போவதை அது முன்கூட்டியே அறிவிக்குமா? கூகுள் நிறுவனத்தார் தம்மிடமிருந்த ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து, 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தட்டு தன் நலத்தைத் தானே கணக்கிட்டுச் சொல்லும் ‘ஸ்மார்ட்’ என்னும் குறிப்பில் முதல் படிப்புப் பிழை தோன்றிய தட்டு, அடுத்த 60 நாள்களுக்குள் பழுதாகும் வாய்ப்பு 39 மடங்கு மிகுதி என்று அவர்கள் கண்டனர். ஆகவே எச்சரிக்கை வந்தவுடன் தட்டை மாற்றுவதே அறிவுடைமை. ஆனால் பழுதான தட்டுகளில் பாதிக்கு மேற்பட்டவை முக்கியமான எச்சரிக்கைக் குறிகளில் ஒன்றையும் காட்டாமலே நின்றுபோயின என்பதும் அதே ஆய்வின் முடிவு. எச்சரிக்கை வரும்வரை காத்திருக்கலாம் என்று எண்ணுவோர் இதனை மனத்தில் இருத்த வேண்டும்.

ஓட்டுக் கூரை போன்ற தட்டு

வாங்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, தட்டு ‘சி.எம்.ஆர்.’ வகையா, ‘எஸ்.எம்.ஆர்.’ வகையா என்பதே. முதல் வகையில், எழுதப்படும் வரிகள் ஒன்றையொன்று தொடாமல் வயலின் பாத்திகளைப் போலத் தனித்தனியே அமைகின்றன. இரண்டாம் வகையில், இடத்தைச் சுருக்குவதற்காக, ஓட்டுக் கூரையில் ஓடுகளை அடுக்குவது போல ஒரு வரியின் ஓரத்தின்மேல் அடுத்த வரி ஏறி அமர்கிறது. கூரையின் நடுவில் ஓர் ஓட்டை மாற்ற வேண்டுமானால், அதன்மேல் சாய்ந்துள்ள ஓடுகளையும் எடுத்து மீண்டும் அடுக்க வேண்டும் அன்றோ? அதுபோலவே, எஸ்.எம்.ஆர். தட்டில் ஒரு சிறு திருத்தத்திற்கும் பக்கத்து வரிகள் பல திரும்ப எழுதப்படுகின்றன. எப்போதோ ஒருமுறை எழுதி அலமாரியில் வைக்கும் தட்டுக்கு இதனால் கேடில்லை. ஓயாமல் எழுதப்படும் வீட்டுச் சேமிப்புப் பெட்டிக்கோ இது ஏற்றதன்று.

2020 ஏப்ரலில் இது உலகெங்கும் பேசப்பட்டது. சேமிப்புப் பெட்டிகளுக்கென்றே வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் விற்றுவந்த ‘ரெட்’ வரிசையின் சில தட்டுகள் எஸ்.எம்.ஆர். வகையினவாக இருந்தமை வாங்கியோர் பலருக்குத் தெரிந்திருக்கவில்லை. கேள்விகள் எழுந்த பின்னரே நிறுவனம் அதனை வெளிப்படுத்தி, சி.எம்.ஆர். வகையை ‘ரெட் பிளஸ்’ என்று பெயர் பிரித்து விற்கலாயிற்று. அக்காலத்தில் நடந்த ஒரு சோதனையில், பழுதான தட்டுக்குப் பதிலாகப் புதியதை வைத்து நிரப்பும் பணி சி.எம்.ஆர். தட்டில் ஒரு நாளுக்குள் முடிய, எஸ்.எம்.ஆர். தட்டில் ஒன்பது நாள்களுக்கும் மேல் நீண்டது. அந்த நாள்களில் எஞ்சியுள்ள ஒரே தட்டும் நின்றுவிட்டால் என்னாகும் என்று எண்ணிப் பார்ப்போமாக.

எப்பணிக்கு எத்தட்டு?

இன்று உலகில் வன்தட்டு செய்யும் பெரு நிறுவனங்கள் சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா என மூன்றே. மூன்றும் பணிக்கேற்ப வெவ்வேறு வகைகளைச் செய்கின்றன. மேசைக் கணினிக்கான தட்டு நாளில் சில மணி நேரப் பணிக்கென்று அமைந்தது. விலை குறைவு, ஆனால் ஓரிடத்தைப் படிக்க முடியாதபோது நெடுநேரம் முயன்றுகொண்டே இருக்கும். தட்டு செத்துவிட்டது என்று கருதிப் பெட்டி அதனை ஒதுக்கிவிடக்கூடும். கண்காணிப்புக் கேமராவுக்கான தட்டு, இடைவிடாது படம் எழுதும் பணிக்கென்று அமைந்தது. கேமரா பொருத்தும் கடைகளில் இவ்வகை எளிதில் கிடைப்பதால் அதையே நம் கையில் கொடுத்துவிடுவதும் உண்டு. மூன்றாவது, நாஸ் பெட்டிக்கென்றே செய்யப்பட்டது. நாள் முழுதும் சுழலவும், பக்கத்துத் தட்டின் அதிர்வைத் தாங்கவும், பிழை நேர்ந்தால் சில நொடிகளில் பெட்டிக்கு அறிவிக்கவும் அது வல்லது. சீகேட்டின் ‘அயர்ன்வுல்ஃப்’, வெஸ்டர்ன் டிஜிட்டலின் ‘ரெட் பிளஸ்’, தோஷிபாவின் ‘என்.300’ ஆகியன இவ்வகை. இவற்றுக்குப் பொதுவாக 3 ஆண்டு உத்தரவாதம் உண்டு.

வேகம் மிகுந்த 7,200 சுற்றுத் தட்டு வேண்டுமா? நம் வீடுகளுக்கு வேண்டியதில்லை. சாதாரண வீட்டு வலையமைப்புத் தாங்கும் வேகத்தை 5,400 சுற்றுத் தட்டே எட்டிவிடும். அது குறைவாகச் சூடேறும், ஓசையும் குறைவு.

கொள்ளளவைக் கணக்கிடுவதும் எளிதே. ஒரு படத்துக்கு 4 மெகாபைட் என்று கொண்டால், ஒரு டெராபைட்டில் இரண்டரை இலட்சம் படங்கள் அடங்கும். ஒரு நிமிட வீடியோவுக்கு 100 மெகாபைட் என்றால், ஒரு மணி நேரத்துக்கு 6 கிகாபைட். திருமண வீடியோக்களையும் சேர்த்துப் பார்த்தாலும், பெரும்பாலான குடும்பங்களுக்கு 4 டெராபைட் பல ஆண்டுகளுக்குப் போதும். வாங்கிய 4 டெராபைட் தட்டு கணினியில் 3.63 என்று காட்டினால் கடைக்காரரைக் குறைகூற வேண்டாம். செய்பவர் ஆயிரம் ஆயிரமாகவும், கணினி 1,024 ஆகவும் எண்ணுவதால் வரும் வேறுபாடு அது.

மிகக் குறைந்த விலையில் கிடைக்கிறதே என்று மயங்குவதும் தகாது. பல்லாயிரம் மணி நேரம் உழைத்துத் தேய்ந்த தட்டுகள் புதியவைபோல விற்கப்பட்ட செய்தி 2025-இன் தொடக்கத்தில் ஜெர்மனியிலிருந்து வெளிவந்தது. தட்டின் வரிசை எண்ணைச் செய்த நிறுவனத்தின் இணையதளத்தில் இட்டு உத்தரவாதத்தைச் சரிபார்ப்பதும், தட்டு இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியது என்று பெட்டியிலேயே பார்ப்பதும் நம் கடமை.

வெயிலும் தூசியும் மின்தடையும்

குளிரூட்டிய அறையை மனத்தில் கொண்டு எழுதிய அறிவுரைகள் நம் சித்திரை, வைகாசி மாதங்களுக்கு அப்படியே பொருந்தா. வெளியே வெயில் 40 பாகையைத் தொடும் நாளில், அடைத்த மர அலமாரிக்குள் ஓடும் தட்டு அதனினும் மிகுதியாகச் சூடேறும். தட்டின் சூடு 45 பாகையைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நன்று. மொட்டை மாடியின் நேர் கீழுள்ள அறையைத் தவிர்த்து, கீழ்த் தளத்தில் காற்றோடும் இடத்தில் பெட்டியை வைக்கலாம். கரிசல் புழுதியும் தறியிலிருந்து பறக்கும் பஞ்சுத் தூசும் பெட்டியின் விசிறியை அடைத்துவிடும். தறியோடும் வீடுகளில் மாதம் ஒருமுறை பெட்டியை நிறுத்தி, மெல்லிய தூரிகையால் துடைப்பது நலம்.

மின்தடையைப் பற்றி நம் பகுதியினருக்குச் சொல்ல வேண்டுமோ? 2012-இல் நாம் பட்ட இருள் எவருக்கும் மறந்திராது. இன்று நிலைமை வேறெனினும், காற்றும் மழையும் வந்தால் மின்சாரம் போய் வருவது வழக்கமே. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் எழுதுவது பாதியில் சிதையும். ஒரு சிறு யு.பி.எஸ். கருவியேனும் வேண்டும். பெட்டியை அதனுடன் தகவல் கம்பியாலும் இணைத்துவிட்டால், மின்கலம் தீரும் முன் பெட்டி தானே முறையாக நின்றுகொள்ளும்.

இரு தட்டுகள் இரு பிரதிகள் அல்ல

இரு தட்டுகள் கொண்ட பெட்டியில், ஒன்றில் எழுதுவதையே மற்றதிலும் எழுதும்படி அமைக்கலாம். ஒரு தட்டு நின்றாலும் மற்றது காக்கும். இது நல்ல ஏற்பாடே. ஆனால் இதனைப் பிரதி என்று கொள்வது பெருந்தவறு. தவறுதலாக ஒரு படத்தை அழித்தால் இரண்டிலும் அழியும். திருடன் பெட்டியை எடுத்தால் இரண்டும் போகும். இடி விழுந்தாலும் அவ்வாறே. ஒரே பானையில் இரு பைகளாக வைத்த விதைக்கு ஒரே எலி போதும்.

இவ்வுண்மையைத் திருச்சபை நெடுங்காலமாக அறிந்தே நடந்திருக்கிறது. திருமணப் பதிவேடு வைக்கும்படி திரிதெந்து பொதுச்சங்கம் 1563-இல் பங்குத் தந்தையர்க்குக் கட்டளையிட்டது. 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்போ இன்னும் ஒருபடி மேலே சென்று, ஆண்டின் இறுதியில் பதிவேடுகளின் உண்மைப் படியொன்றை ஆயரகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று விதித்தது. பங்கில் தீ நேர்ந்தாலும், கரையான் அரித்தாலும், ஆயரகத்தில் அந்தப் பெயர்கள் வாழும். நம் பாட்டனாரின் திருமுழுக்குச் சான்று இன்றும் கிடைக்கிறதென்றால் அதற்குப் பின்னே இத்தகைய கவனமே நிற்கிறது.

பிரதியின்றிப் போனவற்றின் துயரத்தையும் தமிழர் அறிவர். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் படியில்லாத சுவடிகளும் அவற்றுள் இருந்தன. 2005-இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் மின்னூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்படிகளாக்கி எவரும் எங்கிருந்தும் படிக்கத் தருகிறது.

நிழற்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய எளிய விதி ஒன்று உண்டு: மூன்று பிரதிகள், இரு வகைச் சாதனங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே. நம் குடும்பங்கள் இதனை எளிதில் கைக்கொள்ளலாம். பெட்டியில் ஒன்று. மின்சாரமின்றி அலமாரியில் வைக்கும் வெளித்தட்டில் மற்றொன்று. இதற்கு விலை குறைந்த எஸ்.எம்.ஆர். தட்டே போதும். மூன்றாவது, வெளியூரிலுள்ள மகள் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ இருக்கட்டும். கிறிஸ்து பிறப்புக்கும் உயிர்ப்புப் பெருவிழாவுக்கும் பிள்ளைகள் வீடு வரும்போது தட்டை மாற்றிக்கொள்ளலாம். அப்போதே பழைய படங்கள் சிலவற்றைத் திறந்து பார்ப்பதும் வேண்டும். திறந்து பார்க்காத பிரதி இருக்கிறதா என்று எவரால் கூற இயலும்?

வாங்க இயலாதவர் வருந்த வேண்டாம். பெட்டி இல்லாவிடினும், இரு வெளித்தட்டுகளை வாங்கி இரு வீடுகளில் வைத்தாலே பெரும்பகுதி காக்கப்பட்டுவிடும். நினைவுகளை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வைக்கும் பழக்கமே முதன்மையானது. பெட்டி அதற்கொரு கருவி. தட்டு ஒருநாள் நிற்கும். அந்த நாளில் குடும்பம் கலங்காதிருக்க வேண்டுமானால், அதற்கான ஏற்பாட்டை இந்த மாதமே தொடங்குவோமாக. முதல் வேலையாக, வீட்டின் மூத்தோருடைய பழைய படங்களைக் கைபேசியில் எடுத்து, அதிலுள்ளோரின் பெயர்களையும் ஆண்டையும் அவர்களிடமே கேட்டு எழுதிவைப்போம். எத்தனை நல்ல தட்டை வாங்கினாலும், அவர்கள் சொல்லாமற்போன பெயர்களை அது திருப்பித் தராது.