சிறை சென்றால் ஜீவனாம்சம் தீருமா?

ஆனைக்குட்டம் அணையைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் ஆண்டு என்பது தீபாவளியிலிருந்து தீபாவளி வரையில்தான். பண்டிகை கழிந்தவுடன் பட்டாசு ஆலைகள் சில வாரங்கள் அடைத்துக் கிடக்கும். மழை பிடித்துக்கொண்டால் மருந்து காயாது. மருந்து காயாத நாளில் கூலியும் இல்லை. எங்கேனும் ஒரு விபத்து நேர்ந்துவிட்டால் ஆய்வு முடியும்வரை கதவுகளுக்குப் பூட்டு. இவ்வாறு விட்டுவிட்டு வரும் வருமானத்தின்மீது, மாதந்தவறாமல் இன்ன தொகை மனைவிக்குச் செலுத்த வேண்டும் என்னும் நீதிமன்ற ஆணை வந்து அமரும்போது எழும் இடர்ப்பாட்டையே இங்கு நாம் ஆராய்கிறோம்.

கணவன் மனைவியர் பிரிந்து வாழ்வதைப்பற்றி நம் பங்குகளில் தாழ்ந்த குரலில்தான் பேசுகிறோம். தாழ்ந்த குரலில் பேசப்படும் செய்திகளில் பிழைகள் எளிதில் புகுந்துவிடுகின்றன. "ஒரு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தால் கணக்குத் தீர்ந்தது" என்று ஆண்கள் சிலர் நம்புகின்றனர். "பணம் வராவிட்டால் மறுநாளே போலீசார் பிடித்துக்கொண்டு போவார்கள்" என்று பெண்கள் சிலர் நம்புகின்றனர். இரண்டும் தவறு. முதலாவது நம்பிக்கை ஆணுக்கு மிகப் பெரிய கேட்டைச் செய்கிறது என்பதால் அதனை முதலில் எடுத்துக்கொள்வோம்.

மனைவி, மக்கள், பெற்றோர் ஆகியோரின் பராமரிப்புக்கு வழிசெய்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் நாளிலிருந்து பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவாக நிற்கிறது. எண் மாறியதே தவிர இயல்பு மாறவில்லை. 1973ஆம் ஆண்டுச் சட்டம் மாதம் 500 ரூபாய் என்று வகுத்திருந்த உச்ச வரம்பு 2001இல் நீக்கப்பட்டது. தொகை செலுத்தப்படாதபோது, மனைவி மனுச் செய்தால், அபராதத்தை வசூலிப்பதுபோல் முதலில் பொருள்களை ஜப்தி செய்து வசூலிக்க வாரண்டு பிறப்பிக்கலாம். அதன் பின்னும் எஞ்சி நிற்கும் தொகைக்கு ஒரு மாதம் வரையிலோ, பணத்தைக் கட்டும் வரையிலோ, எது முந்துகிறதோ அதுவரை சிறைத் தண்டனை விதிக்கலாம்.

இச்சிறைவாசம் கடனைக் கழிக்கும் கூலியன்று. 1989ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் இடம்பெற்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதனைத் தெளிவுபடுத்திவிட்டது: சிறை என்பது பணத்தைக் கட்டச் செய்வதற்கான ஒரு வழி, பணம் கட்டியதற்கு ஈடு அன்று. ஓர் எடுத்துக்காட்டுக்காக, மாதம் 4,000 ரூபாய் ஆணையிடப்பட்ட ஒருவர் பத்து மாதம் செலுத்தவில்லை என்று கொள்வோம். பாக்கி 40,000. அவர் ஒரு மாதம் சிறையிலிருந்து வெளியே வரும் நாளில் பாக்கி 44,000. அந்த ஒரு மாதக் கூலியும் போயிற்று; ஆலையில் அவருடைய இடத்தில் வேறொருவர் அமர்ந்திருப்பார். மனைவியின் கையிலோ ஒரு காசும் சேரவில்லை.

அப்படியாயின் உண்மையாகவே செலுத்த இயலாதவர் என்ன செய்வது? சட்டத்திலேயே அதற்கு இடமுண்டு. "போதிய காரணமின்றி" ஆணையை மீறியவரையே தண்டிக்கலாம் என்பது அப்பிரிவின் சொல். நீதிமன்ற அவமதிப்பு என்னும் வேறு வழியில் மனைவி சென்றாலும் நிலைமை இதுவே. 1971ஆம் ஆண்டு அவமதிப்புச் சட்டம் வேண்டுமென்றே கீழ்ப்படியாமையைத்தான் குற்றமாக்குகிறது. அதற்கு ஆறு மாதம் வரை வெறுங்காவலோ, 2,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். கைவசம் இருந்தும் கொடாதவன் வேறு, கையே வெறுமையானவன் வேறு. 1980இல் கொச்சியைச் சேர்ந்த ஒரு வங்கிக் கடன் வழக்கில், வறுமை காரணமாகக் கட்ட இயலாதவனைச் சிறையிலடைப்பது அரசியலமைப்புக்கு ஒவ்வாது என்று நீதியரசர் கிருஷ்ணய்யர் எழுதினார். அது ஜீவனாம்ச வழக்கன்று எனினும், அதன் அடிப்படை இங்கும் நினைக்கத்தக்கது. அமெரிக்காவிலும் இக்கேள்வி எழுந்ததுண்டு. குழந்தைக்கான தொகையைக் கட்டாததால் தென் கரோலினா மாநிலத்தில் ஒரு தந்தை வழக்கறிஞரின்றி விசாரிக்கப்பட்டு 12 மாதச் சிறைக்கு அனுப்பப்பட்டார். அவரால் கட்ட இயலுமா என்று முறையாகக் கேட்டறியாமல் சிறைக்கு அனுப்பியது தவறென 2011இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்த்தது.

ஆனால் இயலாமையை மெய்ப்பிக்கும் பொறுப்பு கணவனுடையது. "வேலை இல்லை, ஐயா" என்று கைகூப்பி நிற்பது போதாது. உடலுறுதியுள்ள கணவன் உடலுழைப்புச் செய்தாயினும் மனைவி மக்களைக் காக்கக் கடமைப்பட்டவன் என்று உச்ச நீதிமன்றம் 2022லும் மீண்டும் கூறியிருக்கிறது. தானே விட்டுவிட்ட வேலை, நண்பர் பெயருக்கு மாற்றிய நிலம், குடிக்குச் செலவிட்ட கூலி, இவை எவையும் போதிய காரணமாகா. ஆகவும் கூடாது.

எது போதிய காரணமாக முன்வைக்கத் தக்கது என்பதற்கு நம் வட்டாரத்திலேயே சான்றுண்டு. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் நைட்ரேட்டையும் சரவெடியையும் விலக்கி, பசுமைப் பட்டாசுக்கு மட்டும் இசைவளித்தது. அதன்பின் சிவகாசி வட்டாரத்து ஆலைகள் பல மாதங்கள் மூடிக் கிடந்தன, இலட்சக்கணக்கானோர் வேலையிழந்தனர். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. இவை ஒரு தொழிலாளியின் குற்றத்தால் நேர்ந்தவை அல்ல. ஆனால் ஊரறிந்த செய்தி என்பதற்காக நீதிமன்றம் தானாகவே கணக்கிலெடுத்துக்கொள்ளும் என்று இருந்துவிட முடியாது. ஆலை அடைக்கப்பட்ட அறிவிப்பு, வருங்கால வைப்பு நிதிக் கணக்கு, தீக்காயமோ நோயோ உற்றிருந்தால் இ.எஸ்.ஐ. மருத்துவமனைச் சீட்டு, வங்கிப் புத்தகம் என்று எழுத்தில் உள்ளவற்றைக் கொண்டு சென்று காட்ட வேண்டும்.

பட்டாசுத் தொழிலில் கூலி பெரும்பாலும் ரொக்கமாகவே கை மாறுகிறது. ஆகவே மனைவிக்குக் கொடுப்பதும் ரொக்கமாகவே நிகழ்கிறது. அண்ணன் மூலம் அனுப்பிய 2,000, பிள்ளையின் பள்ளிக் கட்டணம், பண்டிகைக்கு எடுத்துக் கொடுத்த துணி, ஒரு மூட்டை அரிசி, இவையெல்லாம் கொடுத்தவர் நெஞ்சில் கணக்காக இருக்கும். நீதிமன்ற ஏட்டில் இரா. மனம் கசந்த பிறகு, கையில் பெற்றதை நினைவில் வைத்திருப்பாரும் அரியர். ஆதலால் சிறு தொகையாயினும் மனைவியின் வங்கிக் கணக்கிலோ நீதிமன்றத்திலோ செலுத்தி ரசீது பெறுவதே பாதுகாப்பு. முழுத் தொகை இல்லாத மாதத்தில் பாதியையேனும் கட்டியவரின் ரசீது, அவர் வேண்டுமென்றே மீறவில்லை என்பதற்கு எந்தச் சொல்லையும்விட வலிய சாட்சி.

இதனினும் முக்கியமான ஒன்று உண்டு. சூழ்நிலை மாறினால் தொகையைக் குறைக்குமாறோ கூட்டுமாறோ கேட்க 146ஆம் பிரிவு வழிதருகிறது. பழைய சட்டத்தில் இது 127. ஆலை மூடிய முதல் மாதத்திலேயே இம்மனுவை அளிப்பவருக்கும், இரண்டாண்டுகள் வாளாவிருந்து வாரண்டு வந்தபின் அழுபவருக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரிது. பின்னவருக்குப் பழைய பாக்கி தானே கரைந்துவிடாது. மேல்முறையீடு செய்துவிட்டோம் என்பதும் தடையாணை பெறாதவரை காப்பாற்றாது. இதே பிரிவின்கீழ், விலைவாசி ஏறியதையோ கணவனின் ஊதியம் உயர்ந்ததையோ காட்டி மனைவியும் கேட்கலாம்.

மனைவியின் பக்கத்தை மறந்து எழுதினால் இக்கட்டுரை ஒருகண் பார்வையாகிவிடும். அவரும் அநேகமாகத் தீப்பெட்டியோ திரியோ செய்பவராகவே இருப்பார். அதே மழை அவருடைய அடுப்பையும் அணைக்கிறது. சிறிது சம்பாதிக்கிறார் என்பதால் மட்டும் அவருடைய உரிமை இல்லாமற் போவதில்லை. தொகையை வகுக்கும்போது அவருடைய வருமானமும் எண்ணப்படும், அவ்வளவே. "எப்படியும் தருவார்" என்று பொறுமை காக்கும் பெண்கள் ஒன்றை அறிய வேண்டும். தொகை செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுச் செய்தால்தான் அதற்கு இப்பிரிவின்படி வாரண்டு கிடைக்கும். பொறுமைக்குக் கிடைக்கும் பரிசு இதுதானா என்று கேட்கத் தோன்றுகிறது. சட்டம் அவ்வாறு உள்ளது.

2020 நவம்பர் 4 அன்று நீதியரசர்கள் இந்து மல்ஹோத்ராவும் சுபாஷ் ரெட்டியும் ரஜ்னேஷ்–நேகா வழக்கில் வழங்கிய தீர்ப்பு இவ்வழக்குகளின் போக்கையே மாற்றியது. இருவரும் தத்தம் வருமானம், சொத்து, கடன் அனைத்தையும் உறுதிமொழிப் பத்திரத்தில் வெளியிட வேண்டும். ஜீவனாம்சம் மனு அளித்த நாளிலிருந்தே கணக்கிடப்பட வேண்டும். வேண்டுமென்றே மீறுபவர்மீது அவமதிப்பு நடவடிக்கை எடுக்கலாம் என்றும் அத்தீர்ப்பு கூறுகிறது. மறுவருடமே தமிழகத்து வழக்கொன்றில், மாதம் 1,75,000 ரூபாயும் சுமார் 2 கோடியே 60 இலட்சம் பாக்கியும் செலுத்தாத ஒருவருக்கு உச்ச நீதிமன்றம் மூன்று மாதச் சிறை விதித்தது. வசதியுள்ளோருக்கும் விலக்கில்லை என்று அறிவது, வசதியற்றோருக்கு ஓர் ஆறுதல்.

நம் குடும்பங்களுக்கே உரிய ஓர் ஐயம் எஞ்சியுள்ளது. மறைமாவட்டத் திருமண நீதிமன்றம் திருமணம் செல்லாதெனத் தீர்த்துவிட்டால் ஜீவனாம்சமும் அற்றுப்போகும் என்று கருதுவோர் உளர். அத்தீர்ப்பு நாட்டுச் சட்டத்தின் முன் விவாகரத்து ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1996லும் 2017லும் உரைத்துவிட்டது. சட்டத்தின் கண்ணில் அவர் இன்னும் மனைவியே. திருச்சபையும் கைகழுவச் சொல்லவில்லை. ஒருவருக்கொருவரும் பிள்ளைகளுக்கும் உள்ள ஒழுக்கக் கடமைகளையும் குடிமைக் கடமைகளையும் தீர்ப்பிலேயே நினைவூட்ட வேண்டும் என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1689ஆம் சட்டம் விதித்தது. 2015இல் திருத்தந்தை பிரான்சிசு செய்த சீர்திருத்தத்துக்குப் பின் அது 1691ஆம் எண்ணில் உள்ளது. கிறிஸ்தவர்க்குரிய 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தில், வழக்கு நடக்கும்போது தரும் தொகை கணவன் வருமானத்தில் ஐந்திலொன்றுக்கு மிகலாகாது என்றிருந்த வரம்பும் 2001இல் நீக்கப்பட்டுவிட்டது. பழைய வரம்பை இன்னும் சொல்லித் தேற்றுவோரின் பேச்சை நம்ப வேண்டாம்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்பதே பலர் நீதிமன்றத்துக்குச் செல்லாமைக்குக் காரணம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி, வருமானம் எவ்வளவாயினும் பெண்ணுக்கு இலவச சட்ட உதவி உண்டு. தொழிற்சாலைத் தொழிலாளிக்கும் உண்டு. காவலில் வைக்கப்பட்டவருக்கும் உண்டு என்பதைப் பலர் அறியார். மாவட்ட நீதிமன்றம் அமைந்துள்ள ஸ்ரீவில்லிபுத்தூரில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். அழைப்பாணை வந்த வாரத்திலேயே செல்வது நன்று; செல்லும்போது ஆணையின் நகலையும் இதுவரை கட்டிய ரசீதுகளையும் மறவாமல் கையில் கொண்டு செல்ல வேண்டும்.