உங்களுக்குத் தெரியுமா? ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்!

சந்தையில் ‘ஒரு தரம், இரண்டு தரம்’ என்று கூவுகிறார்களே, அந்த ‘ஏலம்’ தமிழ்ச் சொல் அல்ல. போர்ச்சுகீசியரின் ‘லெய்லாவ்’ நம் கடற்கரையில் இறங்கி ஏலமாயிற்று. வடக்கே அதுவே ‘நீலாம்’. பாயசத்தில் போடும் ஏலத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இந்த முறை அந்தச் சொல்லைக் கையில் பிடித்துக்கொண்டு ஆஸ்திரேலியா போய் வருவோம். வெள்ளையர் குடியேறிய பிறகு அங்கே ஆடு, மாடு, கம்பளி, காடு, மேடு என்று பலவும் சுத்தியல் தட்டிக் கைமாறின.

*

சிட்னியின் ஆரம்பகாலப் பெரிய ஏலக்காரர்களில் ஒருவர் சிமியன் லார்ட். இங்கிலாந்தில் துணி திருடிய குற்றத்துக்காக நாடு கடத்தப்பட்டு, 1791-இல் கைதியாக வந்து இறங்கியவர். தண்டனை முடிந்ததும் கடை, கப்பல், ஏலம் என்று கை வைத்ததெல்லாம் பணம். 1810-இல் ஆளுநர் மக்குவாரி அவரை நீதிபதி ஆசனத்திலேயே உட்கார வைத்துவிட்டார்.

*

மெல்பர்னின் மையப்பகுதி முதன்முதலில் ஏலத்துக்கு வந்த நாள் 1837 ஜூன் 1. அன்று அங்கே நகரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. சில குடிசைகள், நிறைய மரம், அளவைக்காரர்கள் அடித்த முளைகள், அவ்வளவுதான். அரை ஏக்கர் மனை சராசரியாக 35 பவுண்டுக்குப் போயிற்று. ஏலம் கூறியவர் ராபர்ட் ஹாடில். அரசாங்க நில அளவையாளரும் அவரேதான். ஏலக் கமிஷனாக அவருக்குக் கிடைத்தது 57 பவுண்டு சொச்சம். அதே ஏலத்தில் தன் பெயருக்கு இரண்டு மனை எடுத்தார், 54 பவுண்டுக்கு. ஆக, அளந்தவர், கூவியவர், வாங்கியவர் மூவரும் ஒரே ஆள்! கமிஷனிலேயே மனைக்கான பணம் கழிந்து மூன்று பவுண்டு மிச்சம் வேறு.

*

அந்த ஹாடில் அளந்த பெரிய தெருக்களின் அகலம் 99 அடி. ஏன் 100 இல்லை? நில அளவைச் சங்கிலி 66 அடி நீளம். ஒன்றரைச் சங்கிலி போட்டால் 99.

*

காலனி நிலத்துக்கு என்ன விலை வைக்க வேண்டும் என்று பாடம் எடுத்தவர் எட்வர்ட் கிப்பன் வேக்ஃபீல்ட். பாடம் எடுத்த இடம் லண்டன் நியூகேட் சிறைச்சாலை. பணக்கார வீட்டுப் பள்ளிச் சிறுமி ஒருத்தியை ஏமாற்றி அழைத்துப்போய்க் கல்யாணம் செய்துகொண்டதற்காக மூன்றாண்டு தண்டனை. உள்ளே இருந்தபடியே 1829-இல் ‘சிட்னியிலிருந்து ஒரு கடிதம்’ என்று எழுதினார். அதற்கு முன் சிட்னிப் பக்கம் தலைவைத்துப் படுத்ததுகூட இல்லை!

அவர் கணக்கு எளிது, கொஞ்சம் கொடூரம். நிலம் மலிவாகக் கிடைத்தால் கப்பலில் வந்த கூலிக்காரன் மறுநாளே நிலக்காரன் ஆகிவிடுவான். பிறகு முதலாளியின் வயலில் யார் வேலை செய்வது? ஆகவே, சில வருஷம் கூலிக்கு உழைத்துச் சேர்த்தால்தான் எட்டும்படி விலையை ஏற்றி வை. வரும் பணத்தில் அடுத்த கப்பலில் கூலியாட்களை ஏற்று. லண்டன் இதைப் பிடித்துக்கொண்டது. 1831-இல் இலவச நிலக்கொடை நின்றது. ஏக்கருக்கு ஐந்து ஷில்லிங் அடிவிலை வைத்து ஏலம் தொடங்கியது. அந்த அடிவிலை பிறகு 12 ஷில்லிங் ஆகி, 1842-இல் ஒரு பவுண்டில் வந்து நின்றது. மழை பொய்த்த பொட்டலாக இருந்தாலும் அதற்குக் கீழே கேட்க முடியாது.

*

வேக்ஃபீல்ட் கொள்கையைப் பார்த்துப் பார்த்துக் கட்டிய காலனி தெற்கு ஆஸ்திரேலியா. அடிலெய்ட் நகரத்துக்காக 1,042 ஏக்கர் மனைகள் பிரிக்கப்பட்டன. லண்டனிலேயே முன்பணம் கட்டியவர்கள் முதலில் எடுத்துக்கொள்ள, எஞ்சியவை 1837 மார்ச் 27 அன்று ஏலத்துக்கு வந்தன. சராசரி விலை ஏக்கருக்கு ஆறு பவுண்டுக்குச் சற்று மேல்.

*

அதே அடிலெய்டுதான் பத்திரத் தகராறுக்கும் ஒரு மருந்து கண்டுபிடித்தது. மனை கை மாறி மாறி, யாருடைய காகிதம் செல்லும் என்று தெரியாமல் போனபோது, ராபர்ட் டாரன்ஸ் 1858-இல் புதுச் சட்டம் கொண்டுவந்தார். அரசுப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். முப்பது வருஷத்து மூலப்பத்திரத்தைத் தேடி அலைய வேண்டாம். மலேசியாவில் வீடு வாங்கும் தமிழர்கள் கையில் வைத்திருக்கும் நிலப்பட்டாவும் டாரன்ஸ் முறையைச் சேர்ந்ததே.

*

ஆஸ்திரேலியக் கம்பளிக் கதையிலும் ஓர் ஏலம் உண்டு. 1804 ஆகஸ்டில் லண்டன் அருகே மன்னர் மூன்றாம் ஜார்ஜின் சொந்த மெரினோ ஆடுகள் ஏலம் விடப்பட்டன. விலை கேட்டு நின்றவர்களில் ஒருவர் ஜான் மக்கார்த்தர். சிட்னியில் மேலதிகாரியைத் துப்பாக்கியால் சுட்ட வழக்கில் மாட்டி லண்டனுக்கு அனுப்பப்பட்டவர்! ஆடுகளை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகச் சட்டம் இடம் தரவில்லை. சிறப்பு அனுமதி வாங்கித்தான் ஏற்றினார். கப்பலின் பெயர் ‘ஆர்கோ’. கிரேக்கக் கதையில் தங்க ரோமத்தைத் தேடிப் போன கப்பலுக்கும் இதே பெயர். மனிதருக்குத் தன்னம்பிக்கை குறைவில்லை.

1821-இல் லண்டன் ‘காரவே’ காபிக் கடை ஏலத்தில் அவருடைய கம்பளி மூட்டை ஒன்று ராத்தலுக்கு 10 ஷில்லிங் 4 பென்ஸ் விலை போனது. அந்தக் காபிக் கடை மெழுகுவத்தி ஏலத்துக்குப் பேர்போனது. ஓர் அங்குல மெழுகுவத்தியைக் கொளுத்தி வைப்பார்கள். சுடர் அணைவதற்குள் கடைசியாக விலை கேட்டவருக்குச் சரக்கு. இருமல் வந்தால்கூட அடக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

*

கம்பளியைக் கடல் கடத்தாமல் சிட்னியிலேயே முறையாக ஏலம் விடலாம் என்று காட்டியவர் தாமஸ் மார்ட். அவர் ஏலக் கடை திறந்த ஆண்டு 1843. அதைவிட மோசமான ஆண்டை ஜோசியர்கூடக் குறித்துக் கொடுத்திருக்க மாட்டார். வறட்சி, கடன், கம்பளி விலைச் சரிவு எல்லாம் ஒன்றாக வந்து, ஆறு பென்ஸுக்கு ஓர் ஆடு என்று கூவியும் ஆள் வராத காலம் அது. அந்த நேரத்தில் யாஸ் ஊரைச் சேர்ந்த ஹென்றி ஓ’பிரையன் ஆட்டைக் கொப்பரையில் போட்டுக் காய்ச்சினார். கொழுப்பை வடித்து, சோப்புக்கும் மெழுகுவத்திக்கும் லண்டனுக்கு அனுப்பினால் ஆட்டுக்கு ஐந்தாறு ஷில்லிங் தேறும் என்று காட்டினார். பிறகு ஊர் ஊராகக் கொப்பரை ஏறியது. உயிரோடு இருந்தால் ஆறு பென்ஸ், கொழுப்பாக உருகினால் பத்து மடங்கு. கடன்காரர்கள் பிழைத்தார்கள், ஆடுகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

*

வேலி தாண்டி மேய்ந்த மாட்டுக்கும் ஏலம் உண்டு. நம்மூர்க்காரர்கள் ‘பவுண்டு’ என்று சொல்லும் மாட்டுப்பட்டி அங்கேயும் இருந்தது. பிடிபட்ட மாட்டின் நிறம், கொம்பு, தோலில் போட்ட சூட்டுக்குறி எல்லாவற்றையும் அரசிதழில் அச்சிடுவார்கள். குறித்த நாளுக்குள் உடையவன் அபராதம் கட்டி ஓட்டிப்போகாவிட்டால் மாடு ஏலத்துக்குப் போகும். ஏழைக் குடியானவனுக்கு அபராதமும் மாட்டின் விலையும் சில நேரம் ஒன்றாகவே இருக்கும்.

*

நில ஏலத்துக்கு முன் விருந்து! 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மெல்பர்ன் ஏலக்காரர்கள் கூடாரம் போட்டு ஷாம்பெயின் ஊற்றினார்கள். மூன்றாவது கோப்பைக்குப் பிறகு சதுப்பும் சமவெளியாகத் தெரிந்திருக்கும். 1880-களின் நிலப் பித்தின்போது இலவச ரயிலும் சேர்ந்துகொண்டது. 1890-களில் வங்கிகள் கவிழ்ந்தபோதுதான் பலருக்குப் போதை தெளிந்தது.

*

1861-இல் நியூ சவுத் வேல்ஸ் அரசு ஏலத்தைச் சுற்றிக்கொண்டு போக ஒரு வழி திறந்தது. யாரும் 40 முதல் 320 ஏக்கர் வரை தேர்ந்தெடுக்கலாம், ஏக்கர் ஒரு பவுண்டு, கால்பங்கு முன்பணம். பெரிய மந்தைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? வேலைக்காரன் பெயரில், மாமன் மச்சான் பெயரில் பினாமி போட்டார்கள். இன்னொரு தந்திரம், ஆற்றங்கரையையும் ஊற்றையும் மட்டும் வாங்கிப் போடுவது. தண்ணீர் இல்லாத மிச்ச நிலத்தை எவன் கேட்பான்? மயில்தோகையின் கண்ணை மட்டும் பிடுங்குவது போல என்பதால் இதற்கு அங்கே மயிலின் பெயரையே வைத்தார்கள்.

*

மெல்பர்ன் நிலத்துக்கு அரசு ஏலத்துக்கு முன்பே ஒரு கிரயம் நடந்திருந்தது. 1835-இல் ஜான் பேட்மன் அங்கே வாழ்ந்த குலின் மக்களின் பெரியவர்களோடு ஓர் ஒப்பந்தம் எழுதினார். போர்வை, கத்தி, கோடரி, முகம் பார்க்கும் கண்ணாடி, மாவு. பதிலுக்குச் சுமார் ஆறு லட்சம் ஏக்கர்! நிலத்தை விற்பது என்ற எண்ணமே இல்லாத மக்களிடம் இது என்ன வியாபாரம் என்று கேட்கலாம். ஆளுநர் போர்க்கின் ஆட்சேபம் வேறு மாதிரி. அந்த ஆகஸ்டிலேயே ஒப்பந்தம் செல்லாது என்று அறிவித்தார். காரணம், நிலம் அரசருடையது. விற்க அம்மக்களுக்கு உரிமை இல்லையாம். இரண்டே வருஷத்தில் அதே மண்ணை அரசர் பெயரில் ஏலம் விட்டார்கள். பேட்மனும் கூட்டத்தில் ஒருவராக நின்று, 1837 நவம்பரில் ஸ்வான்ஸ்டன் தெரு மூலையில் ஒரு மனையை 100 பவுண்டுக்கு எடுத்தார். இப்போது அந்த மூலையில் இருப்பது ஒரு மதுக்கடை. குலின் மக்களுக்கு எந்த ஏலத்தொகையிலும் பங்கு வரவில்லை.

*

ஹென்றி ஹவி என்பவர் 1837 ஏலத்தில் காலின்ஸ் தெரு – ஸ்வான்ஸ்டன் தெரு முனையை 128 பவுண்டுக்கு வாங்கினார். கொஞ்ச நாளில் குடும்பத்தோடு கடலில் மூழ்கி இறந்துபோனார். சொத்து இங்கிலாந்து உறவினருக்குப் போனது. பல்லாண்டு வாடகை குவிந்து, வாரிசுகளில் ஒருவரான கேப்டன் ஹவி அந்தப் பணத்தில் கென்ட் கடற்கரையில் 15 அங்குல அகலத் தண்டவாளம் போட்டு, 1927-இல் ஒரு குட்டி ரயில் விட்டார். அது இன்றும் ஓடுகிறது.