பாதியில் நிற்கும் பட்டம்: முடிப்பதா, மாற்றுவதா?

மாதுங்கா ஸ்டேஷன் வாசலில் டீ குடிக்கும்போது நண்பர் கேட்டார்: "அண்ணாச்சி, பி.காம்.ல நாலு பேப்பர் பாக்கி. எல்லாம் கணக்குப் பாடம். விட்டுட்டு பி.ஏ. சேரட்டுமா?"

நெல்லைக்காரர். வயது 34. தனியார் கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல் வழியில் சேர்ந்து நான்கு ஆண்டு ஆகிறது. அங்கே மூன்றாண்டுப் பட்டத்தை முடிக்க ஆறு ஆண்டு வரை அவகாசம் உண்டு. இன்னும் இரண்டு ஆண்டு இருக்கிறது.

டீக்கடையிலேயே கணக்குப் போட்டோம். ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரப் படிப்பு. ஆறு கிரெடிட் பேப்பருக்கு 180 மணி. நாலு பேப்பருக்கு 720 மணி. தினம் ஒரு மணி நேரம் படித்தால் இரண்டே ஆண்டு! புதுப் பட்டம் என்றால் குறைந்தது 120 கிரெடிட். அதாவது 3,600 மணி. இதே வேகத்தில் பத்தாண்டு ஓடிவிடும்.

வங்கித் தேர்வுகளுக்கும் மத்திய அரசின் பல வேலைகளுக்கும் ஏதாவது ஒரு பட்டம் போதும். வயது வரம்புதான் காத்திருக்காது. நண்பர் பார்ப்பதோ கணக்கு வேலை. அதற்கு பி.காம். கூடுதல் பலம்.

நீங்கள் குறிவைக்கும் வேலை வேறு பட்டம் கேட்டால் மாறுவதில் தவறில்லை. ஆனால் பணம் கட்டுமுன் பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். பொறியியல் பட்டத்தை அஞ்சல் வழியில் நடத்த அனுமதியே இல்லை.

நான் பத்தாவதோடு நின்றவன். எத்தனையோ விண்ணப்பம் பூர்த்தி செய்திருக்கிறேன். எதிலும் பாதிப் பட்டத்துக்குக் கட்டம் கிடையாது.

நண்பர் மறுநாளே கணக்குப் புத்தகத்தைத் தூசி தட்டினார்.