நகக்கண் அருகே நீர்க்கட்டி

விரல் நுனியில் ஏதேனும் தடித்தால் நம்மவர்க்கு முதலில் நினைவுக்கு வருவது நகச்சுற்று. உடனே எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் செருகிவிடுவோம். ஆனால் நகச்சுற்றுக்குச் சிவப்பும் வீக்கமும் விண்விண்ணென்ற வலியும் உண்டு. இவை ஏதுமின்றி, நகத்துக்கும் கடைசிக் கணுவுக்கும் இடையே, மிளகளவில் பளபளப்பாக ஒரு முடிச்சு மெல்ல எழும்புமாயின் அது வேறு சங்கதி. அது பெரும்பாலும் நீர்க்கட்டி, புற்றன்று, தொற்றுவதுமன்று. கைவிரல்களிலேயே மிகுதி; கால்விரலிலும் வருவதுண்டு.

அதன் ஊற்றுக்கண் பெரும்பாலும் விரலின் மூட்டே. வயதேற மூட்டின் குருத்தெலும்பு தேய்கிறது. ஓரங்களில் எலும்பு முளைவிடுகிறது. மூட்டுறை நைந்து, உள்ளிருக்கும் வழுவழுப்பான நீர் காம்பு போன்றதொரு நுண்ணிய வழியாகத் தோலடியில் வந்து தங்கிப் பாகாகிறது. இக்கணுக்களில் தோன்றும் எலும்பு முண்டுகளை ஆங்கில வைத்தியர் வில்லியம் ஹெபர்டன் விவரித்த நூல், அவர் மறைந்த மறு ஆண்டு, 1802இல் வெளிவந்தது. முண்டு வேறு, கட்டி வேறு. ஆயினும் இரண்டும் ஒரே தேய்வின் பிள்ளைகள்.

நகம் பிறக்கும் இடத்தைக் கட்டி அழுத்தினால் நகத்தில் நெடுக ஒரு பள்ளம் விழும். பலர் கட்டியை விட்டுவிட்டு இந்தப் பள்ளத்துக்குத்தான் எண்ணெய் தடவிக்கொண்டிருப்பார்கள்!

ராசா வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் சீவி, களையெடுத்து மூப்படைந்த தாய்மார்க்கு ஒன்று சொல்ல வேண்டும். ஊசியைத் தீயில் காட்டிக் குத்தினால் பாகு வெளியேறும், கட்டியும் வற்றும். ஆனால் காம்பு அப்படியே இருப்பதால் மீண்டும் ஊறும். அதுவாவது போகட்டும், அதே வழியாகக் கிருமி மூட்டுக்குள் இறங்கிவிட்டால் கணு சீழ்பிடித்து, விரல் மடங்காமலே போகக்கூடும். நீரிழிவு உள்ளவர்க்கு, அதிலும் கால்விரலில், அபாயம் பன்மடங்கு. நம்மவரிடையே அந்நோய் எவ்வளவு மிகுதி என்பதை 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வும் காட்டிற்று.

தொல்லை தராத கட்டியை அப்படியே விட்டுவிடலாம். தொல்லை தந்தால் மருத்துவர் சுத்தமான முறையில் நீரை எடுப்பார், அல்லது உறைய வைத்துக் கரைப்பார். காம்பை அடைத்து எலும்பு முளையையும் செதுக்கிவிட்டால் திரும்ப வருவது அரிது. பள்ளம் மறைய மட்டும் பொறுமை வேண்டும்: கைநகம் முழுதும் புதிதாக வளர ஏறத்தாழ 6 மாதம் ஆகும்.

நகத்தில் கரும்பட்டை ஓடினாலோ, கட்டி புண்ணாகிக் குருதி கசிந்தாலோ, விரைந்து பெருத்தாலோ நாள் கடத்தலாகாது. புற்றுநோய் நகத்தருகிலும் தோன்றுவதுண்டு. அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் காட்டினால், தேவைக்கேற்ப ராசா சாலையிலுள்ள துவாங்கு ஜஃபார் மருத்துவமனைக்கு எழுதி அனுப்புவார்கள்.