தெரியாது என்று சொல்லும் துணிவு

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் ஆற்காட்டை அடுத்துள்ள மேல்விஷாரம், தோல் தொழிலால் அறியப்பட்ட ஊர். 1965-இல் தொடங்கப்பட்ட அப்துல் ஹக்கீம் கல்லூரியும், பின்னர் வந்த பொறியியல் கல்லூரியும் இங்கு ஆண்டுதோறும் பட்டதாரிகளை உருவாக்குகின்றன. தொழிற்சாலையும் கல்லூரியும் அருகருகே இருந்தும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் அந்தச் சிறு தொலைவு பல இளைஞர்களைக் கலங்கச் செய்கிறது.

பயிற்சிப் பட்டதாரியாகச் சேருவதற்கான நியமன ஆணையுடன் என்னைச் சந்திக்க வரும் முன்னாள் மாணவர்களின் முகத்தில் மகிழ்ச்சியைவிட அச்சமே மிகுந்திருக்கும். 'படித்த பாடத்துக்கும் இந்த வேலைக்கும் தொடர்பே இல்லையே, ஐயா' என்பார் ஒருவர். 'பத்தாம் வகுப்பைத் தாண்டாத தொழிலாளிக்குத் தெரிந்ததுகூட எனக்குத் தெரியாதே. அவர் முன்னால் எப்படி நிற்பேன்?' என்பார் மற்றொருவர். குடும்பத்தின் முதல் பட்டதாரி என்றால் கலக்கம் இரு மடங்காகும். பாதியில் திரும்பினால் ஊர் என்ன சொல்லும் என்ற கவலையும் சேர்ந்துகொள்ளும்.

இந்த அச்சத்தின் வேரில் ஒரு தவறான புரிதல் இருக்கிறது. பட்டம் என்பது வேலை தெரியும் என்பதற்கான சான்று அன்று. கற்றுக்கொள்ள இயலும் என்பதற்கான அடையாளம். வேலைக்கு வருபவரின் உண்மையான திறமையை நிறுவனம் முன்கூட்டியே அறிய முடியாது. கல்வித் தகுதியைக் கொண்டு அதை ஊகிக்கிறது என்பதைப் பொருளியல் அறிஞர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-இல் விளக்கினார். அதாவது, தயக்கம் இரு தரப்பிலும் உண்டு. அதைப் போக்கிக்கொள்வதற்கான கால அவகாசமே பயிற்சிக் காலம்.

செய்து பழகுவதால் வரும் திறனைப் பாடநூல் தர முடியாது. அமெரிக்க விமானத் தொழிற்சாலைகளில் மொத்த உற்பத்தி இரட்டிப்பாகும்போதெல்லாம், ஒரு விமானத்துக்குத் தேவைப்படும் உழைப்பு ஏறத்தாழ 20 சதவீதம் குறைவதை 1936-இல் தியோடர் ரைட் எடுத்துக்காட்டினார். இதனை 1962-இல் பொருளியல் கோட்பாடாக வளர்த்தவர் கென்னத் ஆரோ. தொடக்கத்தில் வேகமும் நேர்த்தியும் குறைவாக இருப்பது தனிமனிதரின் குறையன்று. எல்லாத் தொழில்களுக்கும் பொதுவான இயல்பு.

தோல் தொழிலில் இது கண்கூடு. பதனிட்ட தோலின் மென்மையைத் தொட்ட மாத்திரத்தில் கணிக்கும் திறன், மூத்த தொழிலாளியின் விரல்களில் பல ஆண்டுகளாகச் சேர்ந்தது. குரோமியம் தோலுக்குள் முழுமையாக ஊடுருவாததற்குக் கரைசலின் அமிலத்தன்மை காரணமாக இருக்கலாம் என்று ஆராய்வது வேதியியல் படித்தவரின் பலம். ஒருவர் அறிந்ததை மற்றவர் கேட்டுப் பெறும்போதுதான் தொழில் வளர்கிறது. ஆகவே, தொழிலாளியின் முன் நிற்கக் கூச வேண்டியதில்லை. அவரிடம் கேட்கக் கூசினால்தான் இழப்பு.

அந்தக் கூச்சம் சில வேளைகளில் உயிரையே விலையாகக் கேட்கும். தோலிலுள்ள உரோமத்தை அகற்றச் சுண்ணாம்புடன் சோடியம் சல்ஃபைடு பயன்படுத்தப்படுகிறது. அந்தக் கழிவுநீரில் அமிலம் கலந்துவிட்டால் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்னும் நச்சு வாயு வெளிப்படும். முதலில் அழுகிய முட்டையின் நாற்றம் வீசும். வாயுவின் அளவு கூடினால் நுகரும் திறனே மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது, ஆபத்து நீங்கிவிட்டது என்று எண்ணுவதே பேராபத்து. இத்தகைய இடத்தில் 'இது எனக்குத் தெரியாது' என்ற சொல் அவமானமன்று, பாதுகாப்பு. 2015 ஜனவரி 31-இல் ராணிப்பேட்டை சிப்காட் வளாகத்தில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் உயிரிழந்ததை இப்பகுதி மறந்துவிடலாகாது. பாதுகாப்பு குறித்த எந்தக் கேள்வியும் அற்பமானதல்ல.

புதியவர்கள் மட்டும் மாறினால் போதாது. கேள்வி கேட்டவரைக் கேலி செய்யும் மேற்பார்வையாளர், அடுத்த முறை அவர் வாய் திறக்காதபடி செய்துவிடுகிறார். ஒவ்வொரு பயிற்சியாளருக்கும் அனுபவமிக்க ஒருவரை வழிகாட்டியாக நியமிப்பதும், ஒவ்வொரு பிரிவிலும் சில வாரங்கள் பழக விடுவதும் நிறுவனங்களுக்குப் பெரும் செலவல்ல. இறுதியாண்டுக்கு முன்பே மாணவர்களைத் தொழிற்கூடங்களுக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு கல்லூரிகளுக்கு உண்டு.

சட்டத்தையும் அறிந்துகொள்வது நல்லது. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம், 1973-இல் பொறியியல் பட்டதாரிகளையும், 2014 திருத்தத்தால் பிற பட்டதாரிகளையும் உள்ளடக்கியது. எழுத்துபூர்வ ஒப்பந்தம், உதவித்தொகை, பணியிடத்தில் காயமுற்றால் இழப்பீடு ஆகியவற்றுக்கு அது வழிசெய்கிறது. நிறுவனம் தானாக நடத்தும் பயிற்சித் திட்டம் வேறு. இச்சட்டத்தின் கீழான பயிற்சி வேறு. தாம் சேர்வது எதில், பயிற்சிக்குப் பின் நிரந்தரப் பணிக்கு உறுதி உண்டா என்பதைக் கையெழுத்திடும் முன் கேட்டுத் தெளிவது இளைஞர்களின் உரிமை. காரணம் தெரிந்த கவலை பாதி குறைந்துவிடும்.

முதல் நாள் நெஞ்சு படபடப்பது இயல்பே; பொறுப்பை உணர்ந்தவருக்கே அது வரும். பட்டத்தைப் பெருமையுடன் எடுத்துச் செல்லுங்கள். அதனுடன் கேட்பதற்கான துணிவையும், கேட்டதைக் குறித்துக்கொள்ள ஒரு சிறு குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லுங்கள். ஓராண்டு கழிந்ததும் உங்கள் முன் இன்னொரு புதியவர் தயங்கி நிற்பார். அவர் கேட்கும் முதல் கேள்விக்கு நீங்கள் பொறுமையுடன் பதில் சொன்னால், உங்கள் பயிற்சி நிறைவுற்றது என்று பொருள்.