ஒலி இயக்கியும் களப்பதிவும்: பொன்முடி மலைப்பகுதியை முன்வைத்து

முன்னுரை

பேச்சுமொழியை ஆராய்வோர்க்கு ஒலிப்பதிவே முதன்மைச் சான்று. பதிவிலிருந்து எழுதப்படும் ஒலிபெயர்ப்பைப் பின்னர்த் திருத்திக்கொள்ளலாம். பதிவில் இடம்பெறாத ஒலியை எவ்வாற்றானும் மீட்க இயலாது. ஒலிவாங்கிக்கும் கோப்பிற்கும் இடையே கணிப்பொறியில் நிகழ்வனவற்றைத் தொழில்நுட்பர்க்கு உரியன என ஆய்வாளர் ஒதுக்குவது வழக்கம். லினக்ஸ் இயக்குதளத்தில் ஒலி இயக்கியை அமைக்கும் முறையை விளக்கி, அவ்வமைப்பும் ஆய்வு நெறியின் ஒரு பகுதியே என்பதைக் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கம். இத்துறைக் கலைச்சொற்கள் பயனாளரை வழிதவறச் செய்யும் இடங்களும் சுட்டப்பெறும்.

1. களம்

பொன்முடி, திருவனந்தபுரத்திலிருந்து ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில், கடல்மட்டத்திற்கு மேல் 1,100 மீட்டர் அளவு உயரத்தில் அமைந்த மலைப்பகுதி. இதன் அடிவாரக் காடுகளிலும் அகத்தியர் மலைத்தொடரின் பிற பகுதிகளிலும் காணிக்காரர் வாழ்கின்றனர். தமிழ்நாட்டின் கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் இம்மக்கள் உளர். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதிகளில் இவர்களைப் பற்றிய குறிப்புகள் உள்ளன. அவை எழுத்து வடிவிலானவை. இம்மக்களின் சாற்றுப்பாட்டுப் போன்ற வழக்குகளை ஆராய ஒலிப்பதிவு இன்றியமையாதது.

இக்களத்திற்கு லினக்ஸ் புதியதன்று. இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001 ஜூலையில் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பெற்றது. கேரளப் பள்ளிகளில் கட்டற்ற இயக்குதளம் பரவலாகப் புழங்கி வருகிறது. எனவே இங்குப் பணிபுரியும் ஆய்வாளர் லினக்ஸ் கணிப்பொறியில் பதிவுசெய்ய நேர்வது இயல்பே.

2. இயக்கியின் இடம்

ஒலிவாங்கி தரும் மின்னலையைக் கருவியிலுள்ள மாற்றி எண்களாக்குகிறது. அவ்வெண்களை வாங்கி இயக்குதளத்தின் கருவினிடம் ஒப்படைக்கும் நிரலே ஒலி இயக்கி. லினக்சில் தொடக்கக் காலத்தில் 'ஓ.எஸ்.எஸ்.' என்னும் இயக்கித் தொகுதி வழங்கியது. 1998 அளவில் யாரோஸ்லாவ் கைசெலா தொடங்கிய 'அல்சா' என்னும் தொகுதி, 2003 டிசம்பரில் வெளிவந்த 2.6ஆம் கருவின் பதிப்பு முதல் அதனிடத்தைப் பெற்றது. இன்றைய அமைப்பில் அல்சாவுக்கு மேலே 'பல்ஸ்ஆடியோ' அல்லது 'பைப்வயர்' என்னும் ஒலிப் பரிமாறி இயங்குகிறது. அதற்கும் மேலே பதிவு நிரல் உள்ளது. ஆகவே பேச்சொலி மூன்று படிகளைக் கடந்தே கோப்பாகிறது. ஒவ்வொரு படியிலும் அது மாற்றம் பெறக்கூடும்.

3. அமைக்கும் முறை

முதற்கண், கருவி அறியப்பட்டதா எனக் காணவேண்டும். யு.எஸ்.பி. ஒலிவாங்கிகளுட் பெரும்பாலானவை பொதுத்தரம் ஒன்றைப் பின்பற்றுவதால், அவற்றிற்கெல்லாம் கருவினிலுள்ள ஒரே இயக்கிக் கூறு போதுமானது. செருகியதும் அது தானே ஏற்றப்படும். ஏறாவிடில் 'மாட்ப்ரோப்' என்னும் கட்டளையால் ஏற்றலாம்.

இரண்டாவதாக, எந்தக் கருவி என வரையறுக்க வேண்டும். அல்சா ஒவ்வோர் ஒலிச்சாதனத்திற்கும் சுழி முதலாக எண் தருகிறது. கணிப்பொறியின் உள்ளமை ஒலிவாங்கி சுழியாகவும் வெளியிலிருந்து செருகியது ஒன்றாகவும் அமைவது பெரும்பான்மை. சாதனத்தைக் குறிப்பிடாமல் பதிவைத் தொடங்கினால், விலையுயர்ந்த ஒலிவாங்கி பேசுவோர் முன் இருக்க, உள்ளமை ஒலிவாங்கி விசிறியின் இரைச்சலைப் பதிவுசெய்துகொண்டிருக்கும். செருகும் வரிசைக்கேற்ப எண் மாறலாம். எனவே எண்ணால் அன்றிப் பெயரால் சுட்டுவதே தக்கது.

மூன்றாவதாக, 'அல்சாமிக்சர்' என்னும் நிரலில் பதிவு வாயிலைத் திறந்து, ஒலியேற்ற அளவை அமைக்கவேண்டும். அங்குத் தானியங்கு ஒலியேற்றம் என்னும் விசை இருப்பின் அதனை அணைத்துவிட வேண்டும். இவ்வமைப்பைச் சேமித்துவைத்தால் கணிப்பொறியை மீண்டும் தொடங்கும்போது அது நிலைபெறும்.

4. மொழித்தரவின்மீது விளைவு

மேற்கூறியவற்றுள் ஒவ்வொன்றும் ஒலியியல் முடிவுகளைத் தொடுவதாகும்.

அல்சாவுடன் வரும் 'ஏரெக்கார்ட்' என்னும் பதிவு நிரலுக்கு வேறு குறிப்பு எதுவும் தராவிடில், அது நொடிக்கு 8,000 அளவெடுப்புகளை, ஒவ்வொன்றும் 8 பிட் நுண்மையுடன் பதிவுசெய்யும். அளவெடுப்பு வீதத்தின் பாதிக்கு மேற்பட்ட அதிர்வெண்கள் பதிவில் இடம்பெறா. அதாவது 4,000 ஹெர்ட்சுக்கு மேற்பட்டவை அனைத்தும் இழக்கப்படும். உரசொலிகளின் ஆற்றலும் வெடிப்பொலிகளின் விடுப்பும் அப்பகுதியிலும் விரவிக் கிடப்பவை. பல்லொலி, நுனியண்ண ஒலி, வளைநா ஒலி ஆகியவற்றின் வேறுபாட்டை மலையாளம் தெளிவாகப் பேணுகிறது. தமிழ் வட்டார வழக்குகளில் இது பலவாறாக அமைகிறது. இரு மொழி வழக்குகளுக்கும் அருகே வாழும் காணிக்காரர் பேச்சில் இவ்வேறுபாட்டை ஆராயப் புகுவோர்க்கு 8,000 அளவெடுப்புப் பதிவு உதவாது. நொடிக்கு 48,000 அளவெடுப்பும் 24 பிட் நுண்மையும் பொருத்தமானவை.

அல்சாவில் சாதனத்தை நேரடியாகவும் திறக்கலாம். மாற்றும் இடைநிரல் வழியாகவும் திறக்கலாம். கருவியால் இயலாத வீதத்தைக் கேட்டால், இடைநிரல் கணக்கிட்டு நிரப்பித் தந்துவிடும். கோப்பின் தலைப்பில் 48,000 என்றே இருக்கும். நேரடி வழியோ அவ்வாறு மாற்றித் தர மறுக்கும். அம்மறுப்பே ஆய்வாளர்க்கு நன்மை பயப்பது.

இடைநினைவகம் நிரம்பி வழிந்தால் சில மில்லிநொடி ஒலி காணாமற்போகும். ஒற்றை மெய்க்கும் இரட்டித்த மெய்க்கும் உள்ள வேறுபாடு அடைப்புக் காலத்தின் நீளத்தைப் பொறுத்தது. அதுவும் மில்லிநொடிகளில் அளக்கப்படுவதே. ஆகவே வழிவுச் செய்தி தோன்றிய பதிவைக் கால அளவை ஆய்வுக்குக் கொள்ளலாகாது.

சாற்றுப்பாட்டுடன் கொக்கரை என்னும் இரும்புக் கருவி உரசி ஒலிக்கப்படும். தானியங்கு ஒலியேற்றம் இயங்கினால், கொக்கரை ஒலிக்கும்போதெல்லாம் பாடுவோர் குரல் தாழும்; ஓய்ந்ததும் காட்டின் பின்னணி ஒலி எழும்பும். அப்பதிவிலிருந்து குரலின் அழுத்தம் பற்றிக் கூறுவன யாவும் இயக்கியின் செயலைப் பற்றிய கூற்றுகளாகவே முடியும்.

5. கலைச்சொல் நோக்கு

இயக்கி என்னும் சொல் வட்டினைச் சுழற்றும் கருவிக்கும், சாதனத்தை ஆளும் நிரலுக்கும் ஒருங்கே வழங்குகிறது. முன்னது பொருள், பின்னது நிரல். 'ஒலி இயக்கியை நிறுவுக' என்னும் தொடரைக் கண்டு கடையில் கருவி தேடுவோர் இருக்கலாம். ஒலி இயக்கி நிரல் என விரித்துரைப்பது ஐயத்தை நீக்கும்.

அல்சா கூறும் 'கார்ட்' என்பதை அட்டை எனப் பெயர்த்தல் பழக்கம். கணிப்பொறியினுள் அட்டை செருகப்பட்ட காலத்துப் பெயர் அது. இன்று யு.எஸ்.பி. ஒலிவாங்கியும் அப்பெயராலேயே பட்டியலில் வருகிறது. ஒலிச்சாதனம் என்பதே பொருந்தும். 'கேப்சர்' என்பதற்குக் கைப்பற்றல் எனச் சொல்லுக்குச் சொல் தருவதினும் பதிவு வாயில் எனச் செயல் நோக்கித் தருதல் தெளிவு.

'சாம்ப்ளிங்' என்பதற்கு மாதிரியெடுப்பு என்னும் வழக்கு உண்டு. மொழியியலாரோ மாதிரி என்பதைப் பேச்சாளர் தெரிவுக்கு ஆள்கின்றனர். ஒரே அறிக்கையில் இரண்டும் வந்தால் 'மாதிரி எண்ணிக்கை' எதனைக் குறிக்கும் என்பது விளங்காது. இக்கட்டுரையில் ஆளப்பட்ட அளவெடுப்பு வீதம் என்னும் தொடர் அம்மயக்கத்தைத் தவிர்க்கிறது.

முடிவுரை

களப்பதிவேட்டில் பேசுவோரின் அகவை, ஊர், பதிவு நாள் முதலியன குறிக்கப்படுகின்றன. அவற்றுடன் ஒலிச்சாதனத்தின் பெயர், திறந்த வழி, அளவெடுப்பு வீதம், நுண்மை, தானியங்கு ஒலியேற்றத்தின் நிலை, வழிவுச் செய்தி தோன்றியதா இல்லையா என்னும் ஆறு குறிப்புகளும் இடம்பெறல் வேண்டும். இயக்கியை அமைத்துச் சோதிக்கும் பணியை மலையேறுவதற்கு முன்னரே முடித்தல் நலம். பாடுவோர் முதியவராயின் அதே பாட்டை மீண்டும் பதிவுசெய்யும் வாய்ப்பு உறுதியானதன்று. சோதனைப் பதிவுக்கோ எந்நாளும் வாய்ப்புண்டு.