காஸ்டிக்கில் ஊறும் நார்

தேங்காய் நாரைக் கான்கிரீட்டில் கலந்தால் விரிசல் விடாது, கம்பிச் செலவும் மிச்சம் என்று ஒரு பேச்சு அவ்வப்போது காதில் விழுகிறது. முதல் பாதி ஓரளவு உண்மை. இரண்டாம் பாதியை நம்பி தளம் போட்டால் ஆபத்துங்க. ஏன்னு பார்ப்போம்.

மண் சுவரிலிருந்து ஆரம்பிக்கலாம். குன்னத்தூர் வட்டாரத்தில் பழைய மண் சுவர் எங்காவது இடிந்து கிடந்தால் ஒரு கட்டியை உடைத்துப் பாருங்க; வைக்கோல் போட்டுக் குழைத்த மண் என்றால் துண்டுகள் இன்னும் தெரியும். மண் காயும்போது சுருங்கும், சுருங்கினால் வெடிக்கும். வைக்கோல் அந்த இழுப்பைப் பல இடத்துக்குப் பங்கு போட்டுவிடுகிறது. ஒரு பெரிய வெடிப்புக்குப் பதிலாக, கண்ணுக்குத் தெரியாத பல சின்ன வெடிப்புகள். மண்ணில் காரம் குறைவு. ஈரமும் கரையானும் சேராத வரை வைக்கோலுக்கு ஒன்றும் ஆகாது.

சிமென்ட் அப்படி இல்லை. தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது சுண்ணாம்பு வெளியாகும். கான்கிரீட்டின் நுண்துளைகளில் தேங்கும் நீரின் பிஎச் அளவு 12.5-க்கு மேல், 13 வரைகூடப் போகும். திருப்பூர் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவங்களுக்கு இது சுலபமாகப் புரியும். பனியன் துணியைக் காஸ்டிக் சோடா போட்டு வேக வைப்பது எதுக்கு? பருத்தியில் இருக்கிற மெழுகும் பெக்டினும் கரைந்து போகத்தான். பருத்தி தாங்கிக்கொள்ளும். ஏன்னா ஒரு பருத்தி இழை என்பது ஒரே செல், ஏறக்குறைய முழுக்க செல்லுலோஸ்.

தேங்காய் நாரும் கத்தாழை நாரும் வேற ஜாதி. ஒரு நார் என்று நாம் கையில் பிடிப்பது, லிக்னின், ஹெமிசெல்லுலோஸ் என்ற பசைகளால் ஒட்டிய ஏராளமான நுண்செல்களின் கட்டு. காரம் அந்தப் பசையைக் கரைக்கிறது. கூடவே சுண்ணாம்பு செல்களுக்குள் படிந்து, வளைய வேண்டிய நார் முறிய ஆரம்பிக்கிறது. சிசால் கத்தாழை நாரை வைத்து ஸ்வீடனில் கிராம் என்பவர் செய்து 1983-ல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. தேங்காய் நார் கொஞ்சம் தாக்குப் பிடிக்கும். காரத்தில் சீக்கிரம் கரையும் ஹெமிசெல்லுலோஸ் அதில் மிகக் குறைவு.

சரி, நார் கெடாமலே இருந்தால் கம்பிக்குப் பதிலாகுமா? ஆகாது. கம்பியின் விறைப்பு சுமார் 200 கிகாபாஸ்கல், கான்கிரீட் 25-30, தேங்காய் நார் வெறும் 4-6. கான்கிரீட்டைவிட மெத்தென்ற ஒன்று அதன் பாரத்தை எப்படி வாங்கும்? நாரின் வேலை விரிசல் விழுந்த பிறகுதான் தொடங்குகிறது: நன்றாக நீண்டு கொடுத்து, இரண்டு பக்கத்தையும் பிடித்து, விரிசல் அகலாமல் பார்த்துக்கொள்ளும்.

அதனால் பூச்சு, தரை, நடைபாதைக் கல் மாதிரி வேலைக்கு நார் பொருந்தும். அங்கே தொல்லை தருவது முதல் சில நாட்களில் வரும் சுருக்க விரிசல். அதுவரை நார் தாங்கினாலே போதும். மட்டையின் சாயம் சிமென்ட் இறுகுவதைத் தாமதப்படுத்தும் என்பதால் நாரை நன்றாக அலச வேண்டும். 2-5 செ.மீ. துண்டாக வெட்டி, ஊறவைத்து, மேல் ஈரம் வடிந்த பிறகு போடணும். காய்ந்த நார் கலவைத் தண்ணீரையே குடித்துவிடும். கன அளவில் 1 சதவீதத்தைத் தாண்டினால் உருண்டை கட்டும்.

நார் நீண்ட காலம் இருக்க வேண்டும் என்றால் காரத்தைக் குறைக்கணும். மேட்டூர் அனல் மின் நிலையத்தில் மிஞ்சுகிற மாதிரியான சாம்பலை சிமென்ட்டில் ஒரு பங்குக்குப் பதிலாகச் சேர்த்தால், அது சுண்ணாம்பை எடுத்துக்கொள்ளும். பிரேசிலில் இதே வேலைக்கு சுட்ட களிமண் தூளைப் பயன்படுத்தி சிசால் நாரைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

தளம், தூண், பீம், லிண்டல் நாலிலும் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம். அங்கே பொறியாளர் சொன்ன கம்பியில் ஒன்றைக்கூடக் குறைக்காதீங்க.